சான்டா கிளாரா கவுண்டியில் சிலிக்கனுக்கு முன்னால் என்ன இருந்தது?

கேள்வி இது: "சன்னிவேலுக்குக் குடிவந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்குப் பள்ளியில் உள்ளூர் வரலாறு பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகள்தான். பழைய செய்தித்தாள்களையும் நினைவுச் சின்னங்களையும் வைத்து இந்தக் கவுண்டியின் கதையைத் தேட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

தாராளமாக முடியும். கலிஃபோர்னியா 1850இல் மாநிலமானபோது பிரிக்கப்பட்ட முதல் 27 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) சான்டா கிளாராவும் ஒன்று. அடுத்த ஆண்டே சான் ஹோசேயில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கிவிட்டது. அதன் வாரிசு இன்றும் மெர்க்குரி நியூஸ் என்ற பெயரில் வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் 'கம்ப்யூட்டர் கம்பெனிகள்' என்று ஒதுக்கும் பகுதிக்கும் ஒரு செய்தித்தாள்தான் பெயரை நிலைநாட்டியது. டான் ஹோஃப்லர் என்ற நிருபர் 'எலெக்ட்ரானிக் நியூஸ்' என்ற தொழில்துறை வார இதழில் 1971 ஜனவரி 11 முதல் எழுதிய தொடரின் தலைப்பில்தான் 'சிலிக்கன் வேலி' என்ற பெயர் அச்சில் பரவலாக அறிமுகமானது. அதுவரை வெளியூர்க்காரர்களுக்கு இது பழத்தோட்டப் பள்ளத்தாக்கு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளை மட்டும் படித்தால் பத்திரிகை முதலாளி பார்த்த ஊர்தான் கிடைக்கும். நினைவுச் சின்னங்களை மட்டும் பார்த்தால், இடிக்காமல் விட்டுவைத்தவர்களின் ஊர் கிடைக்கும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கவுண்டியில் அந்தக் குறுக்கு விசாரணைக்கு நல்ல தீனி உண்டு.

வீட்டுப் பக்கத்திலிருந்து

சன்னிவேலில் இருப்பதால் மர்ஃபி அவென்யூவில் தொடங்குங்கள். இன்று சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெரு, மார்ட்டின் மர்ஃபி ஜூனியரின் குடும்பப் பெயரைத் தாங்கியது. 1844இல் சியரா நெவாடா மலைத்தொடரைப் பார வண்டிகளோடு முதன்முதலில் தாண்டிய கூட்டத்தில் அந்தக் குடும்பம் இருந்தது. மர்ஃபி இங்கே நிலம் வாங்கி, கிழக்குக் கரையில் செய்த வீட்டின் பாகங்களைக் கப்பலில் ஏற்றி, தென்னமெரிக்காவின் கடைமுனையைச் சுற்றிக் கொண்டுவந்து பொருத்தினார். அந்த வீட்டை 1961இல் இடித்துவிட்டார்கள். 2008இல் அதே தோற்றத்தில் ஒரு கட்டடம் எழுப்பி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். இடித்த பிறகு மனம் வருந்தி மாதிரி கட்டுவது இந்தக் கவுண்டியின் நிரந்தர வழக்கம். கீழே இன்னும் இரண்டு வரும்.

அந்த அருங்காட்சியகத்தை ஒட்டி 10 ஏக்கரில் ஆப்ரிகாட் தோட்டம் ஒன்று இருக்கிறது. காட்சிக்கு வைத்த தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், இன்றும் காய்க்கிறது. ஒருகாலத்தில் கவுண்டி முழுவதும் ஆப்ரிகாட்டும், உலர்த்தி விற்கும் பிளம் வகையான ப்ரூனும் இப்படித்தான் நின்றன. லூயி பெல்லியே என்ற பிரெஞ்சுக்காரர் 1850களில் பிரான்சிலிருந்து தருவித்த ப்ரூன் கிளைகள், உள்ளூர் மரங்களில் ஒட்டுக்கட்டப்பட்டுப் பெருந்தொழிலாக வளர்ந்தன. மத்தில்டா அவென்யூ பக்கம் போனால் பழக் கலவை டின் வடிவத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி உயரத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லிபி நிறுவனத்தின் பழப் பதன ஆலை அங்கே 1907 முதல் 1985 வரை இயங்கியது. ஆலை போய்விட்டது. டின்னும் அதன் மேல் ஒட்டிய லேபிள் படமும் மிஞ்சின.

தினமும் நீங்கள் கார் ஓட்டும் ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையும் அந்த 1844 கூட்டத்தின் நினைவுதான். அதற்குத் தலைமை தாங்கிய எலிஷா ஸ்டீஃபன்ஸ் பிறகு அந்த ஓடைக்கரையில் குடியிருந்தார். வரைபடக்காரர்கள் அவர் பெயரை ஸ்டீவன்ஸ் ஆக்கிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் வீடுகள் பெருகிவிட்டன என்று சலித்துக்கொண்டு 1860களில் தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் போய்விட்டாராம். இன்றைக்கு அந்தச் சாலையில் மாலை நேரத்தில் மாட்டிக்கொள்பவர்களுக்கு அவர் மீது மரியாதை வரும்.

செய்தித்தாள்கள் எங்கே, எப்படி

ரிவர்சைடு நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் 'கலிஃபோர்னியா டிஜிட்டல் செய்தித்தாள் தொகுப்பு' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சான் ஹோசே பத்திரிகைகளோடு, இந்தக் கவுண்டியைப் பற்றி அடிக்கடி எழுதிய சான் பிரான்சிஸ்கோ ஏடுகளான டெய்லி ஆல்டா, கால் ஆகியவையும் அதில் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'கிரானிக்ளிங் அமெரிக்கா' அடுத்தது. மூன்றாவதாக ஸ்டான்ஃபோர்டு மாணவர் நாளேட்டின் ஆவணம்: 1892இலிருந்து முழுவதும் திறந்து வைத்திருக்கிறார்கள். 1926 வரை அதன் பெயர் 'டெய்லி பாலோ ஆல்டோ'. இது தெரியாவிட்டால் பாலோ ஆல்டோ நகரின் ஏடு என்று எண்ணிக் குழம்புவீர்கள்.

தேடலில் புதியவர்கள் தடுமாறுவது சொற்களில்தான். இன்றைய பெயரைப் போட்டால் பாதி செய்தி வராது. கூபர்டினோ அன்று 'வெஸ்ட் சைடு'. சன்னிவேல் 'மர்ஃபிஸ் ஸ்டேஷன்', 'என்சினால்' என்றெல்லாம் அழைக்கப்பட்டது. பாலோ ஆல்டோவின் தென்பகுதி மேஃபீல்டு என்ற தனி ஊர். மேஃபீல்டில் சாராயக் கடைகள் அதிகம். அவற்றை மூடச் சொன்ன லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பேச்சை ஊர் கேட்கவில்லை. அதனால் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் மதுவில்லாத புதிய ஊராகப் பாலோ ஆல்டோ எழுந்தது. 1925இல் மேஃபீல்டு அதற்குள் கரைந்துவிட்டது.

ஆட்களைத் தேடுவது இதைவிடச் சங்கடம். மணமான பெண்கள் கணவன் பெயரில் ஒளிந்திருப்பார்கள். சீனர்களைக் குறிக்க அன்றைய ஏடுகள் 'செலெஸ்டியல்', 'மங்கோலியன்' போன்ற சொற்களையும் வெளியே சொல்லக் கூசும் சொற்களையும் எழுதின. இந்தியாவிலிருந்து வந்தவர் சீக்கியரோ முஸ்லிமோ, எல்லோரும் அவர்களுக்கு 'ஹிண்டூ'. 1912இல் ஸ்டான்ஃபோர்டில் சில மாதங்கள் பாடம் நடத்திய இந்திய விடுதலைப் போராளி ஹர் தயாள் போன்றவர்களைத் தேடும்போதும் அந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்கள்.

கணினி படித்தெடுத்த எழுத்தில் பிழைகள் மலிந்திருக்கும். மங்கிய அச்சில் ஒரு எழுத்து வேறொன்றாகிவிடும். நீண்ட பெயர்கள் வரி முறியும் இடத்தில் இரண்டாகிவிடும். தேடிக் கிடைக்கவில்லை என்றால் நிகழ்ச்சி நடந்த தேதிக்கு மறுநாள் ஏட்டைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். கலிஃபோர்னியா தொகுப்பில் வாசகர்களே பிழைகளைத் திருத்தலாம். பள்ளிக் குழந்தைகளுக்கு இது நல்ல வேலை. மகள் ஒரு பத்தியைத் திருத்தினாலே அந்தக் காலத்து நடை பிடிபட்டுவிடும்.

முதல் பக்கத்தைவிட எனக்குப் பிடித்தவை பின்பக்கங்கள். நகரசபைக் கூட்டக் குறிப்பு, வரி கட்டாதவர்கள் பட்டியல், பழம் வெட்ட ஆள் தேவை என்ற விளம்பரம். முதல் பக்கத்தில் ஆசிரியர் பேசுவார். பின்பக்கத்தில் ஊர் பேசும். 95 ஆண்டுகளுக்கு முன் வெளியான இதழ்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டதால், படங்களைப் பள்ளிப் பணியில் தயக்கமின்றி ஒட்டலாம்.

செய்தித்தாளுக்குத் துணையாக சான்போர்ன் வரைபடங்களை வைத்துக்கொள்ளுங்கள். தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து வரைந்தவை. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம். எது சீக்கிரம் எரியும் என்று காப்பீட்டுக்காரனுக்குத் தெரிய வேண்டுமே! நாடாளுமன்ற நூலகத்தில் இவையும் இலவசம்.

பத்திரிகையின் பெயரிலேயே ஒரு சுரங்கம்

மெர்க்குரி நியூஸ் என்ற பெயரைக் கேட்டால் ரோமானியத் தூதுக் கடவுள் நினைவுக்கு வரலாம். இங்கே அது பாதரசம். சான் ஹோசேயின் தெற்கு மலைகளில் நியூ அல்மடேன் என்ற பாதரசச் சுரங்கம் இருந்தது. அங்கிருந்த செம்மண் கல்லை ஓலோனி பழங்குடியினர் உடம்பில் பூசும் வண்ணமாக நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அது பாதரசத் தாது என்று 1845இல் கண்டுகொண்டவர் மெக்சிகோ ராணுவ அதிகாரி ஆந்திரேஸ் காஸ்தியேரோ. சில ஆண்டுகளில் தங்க வேட்டை வெடித்தது. மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் வேண்டும். விளைவு, கலிஃபோர்னியாவின் எந்தத் தனித் தங்கச் சுரங்கத்தையும்விட அதிக மதிப்புள்ள உலோகம் இந்த மலையிலிருந்து வெளிவந்தது. 1863இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே ஆபிரகாம் லிங்கன் சுரங்கத்தை அரசுக்குக் கைப்பற்ற ஆணையிட்டு, மேற்குக் கரையில் எழுந்த எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கினார். பழைய ஏடுகளில் இதைத் தேடும்போது 'குவிக்சில்வர்' என்று தேட வேண்டும்; 'மெர்க்குரி' என்று போட்டால் பத்திரிகையின் பெயரே ஆயிரம் முறை வந்து நிற்கும்.

இன்று அந்த மலை ஒரு கவுண்டி பூங்கா. நல்ல நடைபாதைகள், இடையிடையே சிதைந்த உலைகள். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு மேலே ஒரு குடியிருப்பு. மெக்சிகோக்காரர்களுக்கு வேறொரு குடியிருப்பு. அடிவாரத்தில் மேலாளர் வசித்த காசா கிராண்டே மாளிகை அருங்காட்சியகமாக இருக்கிறது. மேலாளரின் வீடு முழுசாக நிற்கிறது, தொழிலாளியின் வீட்டுக்கு அடித்தளக் கற்களைத்தான் காட்ட முடியும். பக்கத்து நீர்த்தேக்கங்களில் 'இங்கே பிடிக்கும் மீனைச் சாப்பிடாதீர்கள்' என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். சுரங்கக் கழிவின் பாதரசம் இன்னும் மீனின் உடலில் சேர்கிறது. வெண்கலத் தகட்டில் பொறித்த எந்த வாசகத்தையும்விட இந்தப் பலகை எனக்கு முக்கியமான நினைவுச் சின்னம்.

ஆசிரியர் கட்டிய கோபுரம்

1881இல் மெர்க்குரியின் ஆசிரியர் ஜே. ஜே. ஓவனுக்கு ஒரு யோசனை. தெருவுக்குத் தெரு விளக்கு எதற்கு? நகரின் நடுவில் வானுயரக் கோபுரம் கட்டி, உச்சியில் மின்விளக்குகளை வைத்தால் நிலவு போல ஊர் முழுதும் ஒளி விழாதா? தன் பத்திரிகையிலேயே எழுதினார், நிதி திரட்டினார், அந்த ஆண்டு டிசம்பரிலேயே விளக்கு எரிந்தது. மார்க்கெட் தெருவும் சான்டா கிளாரா தெருவும் சந்திக்கும் இடத்தில் 237 அடி உயரக் கோபுரம். ஊர் முழுதும் ஒளி விழவில்லை. ஆனால் அஞ்சலட்டைகளில் அருமையாக விழுந்தது. 1915 டிசம்பர் 3 அன்று புயல்காற்றில் சரிந்தது. ஏறத்தாழ பாதி உயரத்தில் அதன் மாதிரி, நகரின் வரலாற்றுப் பூங்காவில் இருக்கிறது.

ஐஃபல் கோபுரம் இதைப் பார்த்துக் காப்பியடித்ததுதான் என்று உள்ளூரில் பெருமை பேசுவார்கள். ஆதாரம் எதுவும் கிடையாது, ஐஃபல் எட்டு ஆண்டு பிந்தியது என்பதைத் தவிர. இதைப் படிக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: கோபுரத்தைப் பற்றிய புகழுரைகளை அச்சிட்டவரும் கோபுரத்தைக் கட்டச் சொன்னவரும் ஒரே ஆள். மெர்க்குரி அதைப் பற்றி எழுதியதைப் படித்தபின், போட்டி ஏடுகளையும் சான் பிரான்சிஸ்கோ ஏடுகளையும் திறந்து அதே வாரத்தைப் பாருங்கள்.

பலகைக்கு அடியில் இருந்த ஊர்

இந்தக் கவுண்டியில் ஒரே ஒரு கதையை ஆழமாகத் தோண்ட நேரம் இருக்கிறது என்றால், மார்க்கெட் தெருச் சீனக் குடியிருப்பைத் தோண்டுங்கள். 1884ஆம் ஆண்டு சான்போர்ன் வரைபடத்தில் மார்க்கெட் தெருவும் சான் ஃபெர்னாண்டோ தெருவும் சந்திக்கும் இடத்தில் அது இருக்கிறது: நெருக்கமான கட்டடங்கள், கடைகள், ஒரு கோயில். இங்கிருந்தவர்களும் சுற்றியிருந்த பண்ணைகளில் வேலை செய்த சீனர்களும் சேர்ந்துதான் பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்களையும் ரயில் பாதைகளையும் உருவாக்கினார்கள். பக்கத்திலேயே புதிய நகர மண்டபம் கட்டத் திட்டமிட்டபோது, இந்தக் குடியிருப்பு கண்ணை உறுத்தத் தொடங்கியது. 1887 மார்ச்சில் நகர நிர்வாகம் அதைப் பொதுத் தொல்லை என்று அறிவித்தது. மே 4ஆம் தேதி தீ வைக்கப்பட்டு முழுக் குடியிருப்பும் எரிந்தது. சுமார் 1,400 பேர் வீடிழந்தார்கள்.

அந்த வாரத்து உள்ளூர் ஏடுகளைப் படித்தால் வயிறு கலங்கும். வருத்தத்தைவிட நிம்மதிதான் வரிகளில் தெரிகிறது. இங்கேதான் எச்சரிக்கை தேவை: தீ எப்படிப் பிடித்தது, அங்கே வாழ்ந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு இந்த ஏடுகளை மட்டும் சாட்சியாக அழைத்தால், எரித்த ஊரின் வாக்குமூலம்தான் கிடைக்கும். எரிந்தவர்களின் வாக்குமூலம் ஏறக்குறைய நூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தது. 1980களின் நடுவில் அதே இடத்தில் பெரிய ஓட்டல் கட்ட அடித்தளம் தோண்டியபோது பீங்கான் கிண்ணங்கள், பல்துலக்கிகள், விளையாட்டுக் காய்கள், சமைத்துத் தின்ற எலும்புகள் என்று பெட்டி பெட்டியாக வெளியே வந்தன. பல ஆண்டுகள் அவை கிடங்கில் கிடந்து, பிறகு ஸ்டான்ஃபோர்டு தொல்லியலாளர்கள் எடுத்து ஆராயத் தொடங்கினார்கள். அழுக்குக் கும்பல் என்று ஏடுகள் வசைபாடியவர்களின் குப்பையில் பல்துலக்கிகள்!

தீக்குப் பின் நடந்தது இன்னும் சுவையானது. ஜான் ஹைன்லன் என்ற ஜெர்மானிய வம்சாவளி நிலக்காரர், ஊர் எதிர்ப்பையும் மிரட்டலையும் பொருட்படுத்தாமல் ஆறாவது தெருப் பக்கம் தன் நிலத்தைச் சீனர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். செங்கல் கட்டடங்கள், வடிவமைத்தவர் தியோடோர் லென்சன். யார் தெரியுமா? எந்த நகர மண்டபத்துக்காக முதல் குடியிருப்பு உறுத்தியதோ, அந்த மண்டபத்தை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர். பாதுகாப்புக்குச் சுற்றிலும் உயரமான வேலி. ஹைன்லன்வில் என்று பெயர் பெற்ற அந்தப் பகுதி 1931 வரை இருந்தது. ஹைன்லன் குடும்பம் திவாலானதும் இடிக்கப்பட்டது. 1888இல் எழுந்த இங் ஷிங் குங் கோயில் மட்டும் 1949 வரை தாக்குப்பிடித்தது. இடித்த பிறகு வழக்கப்படி மாதிரி கட்டினார்கள். 1991இல் திறந்த அந்த மாதிரி, மின் கோபுர மாதிரி இருக்கும் அதே வரலாற்றுப் பூங்காவில் இருக்கிறது. பழைய பீடத்தை உள்ளே காணலாம்.

சான் ஹோசே நகரம் இதற்கெல்லாம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2021 செப்டம்பரில். அந்தச் செய்தியையும் 1887 மே மாதச் செய்தியையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலாளி யார் என்று பாருங்கள்

1900, 1901 வாக்கில் ஹேய்ஸ் சகோதரர்கள் சான் ஹோசேயின் ஹெரால்டு, மெர்க்குரி இரண்டு ஏடுகளையும் வாங்கினார்கள். நகரின் தெற்கே ஈடன்வேலில் அவர்களுடைய பிரம்மாண்டமான மாளிகை இன்றும் இருக்கிறது. ஓட்டலாக நடக்கிறது, கல்யாண வரவேற்புக்கு நீங்களே போயிருக்கலாம். அண்ணன் எவரிஸ் ஹேய்ஸ் 1905 முதல் 1919 வரை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். ஜப்பானியர்கள் குடியேறுவதைத் தடுக்க வேண்டும் என்று அங்கே விடாமல் முழங்கியவர். அந்த ஆண்டுகளில் ஜப்பானிய விவசாயிகளைப் பற்றிய செய்தி எதையும் மெர்க்குரியில் படிக்கும்போது, அந்த மாளிகையின் உரிமையாளரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மாளிகையை விட்டு ஜப்பான்டவுனுக்கு வாருங்கள். அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் மூன்று ஜப்பான்டவுன்களில் இது ஒன்று. ஹைன்லன்வில்லை ஒட்டியே வளர்ந்தது என்பதால் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். 1942இல் போர்க்கால ஆணைப்படி இங்கிருந்த ஜப்பானிய வம்சாவளியினரைச் சான் ஹோசே மாநிலக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டிப் பதிவு செய்து, முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்தின் இன்றைய பெயர் யோஷிஹிரோ உச்சிடா கூடம். கல்லூரியின் புகழ்பெற்ற ஜூடோ பயிற்சியாளர் அவர். அவருடைய குடும்பத்தினரும் அதே கூடத்தில் பதிவு செய்யப்பட்டவர்கள்தான்.

இதே போக்கில் இன்னொரு இருண்ட பக்கமும் இருக்கிறது. மகளின் பணிக்கு வேண்டாம், நீங்கள் படியுங்கள். 1933 நவம்பர் 26 இரவு, கடை உரிமையாளரின் மகனைக் கடத்திக் கொன்றதாகக் கைதாகியிருந்த இருவரைப் பெருங்கூட்டம் சிறையை உடைத்து இழுத்துவந்து செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் தூக்கிலிட்டது. ஆளுநர் ஜேம்ஸ் ரால்ஃப் அதை வெளிப்படையாகப் பாராட்டினார். முந்திய இரண்டு வாரத்து ஏடுகளைத் தேதி வரிசையில் படித்தால் கோபம் எப்படி ஊதி வளர்க்கப்பட்டது என்று தெரியும். பூங்காவில் இன்று கண்ணில் படுவது குடியரசுத் தலைவர் மெக்கின்லிக்கு எழுப்பிய சிலை.

பேய் வீட்டுக்கு ஒரு மருந்து

விருந்தினர் வந்தால் எல்லோரும் அழைத்துப் போகும் வின்செஸ்டர் வீட்டைப் பற்றிக் கேட்பீர்கள். துப்பாக்கிக் கம்பெனி வாரிசின் விதவை சாரா வின்செஸ்டர், துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிகளுக்குப் பயந்து 38 ஆண்டுகள் இரவு பகலாக நிறுத்தாமல் வீடு கட்டினார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. அவர் 1880களில் ஒரு சிறு பண்ணை வீட்டை வாங்கியதும், 1922இல் இறக்கும்வரை அதை விரித்துக்கொண்டே போனதும் உண்மை. ஆனால் அவருடைய கடிதங்களில், வேலையாட்களை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்ததும் இருக்கிறது. மூட்டுவலிக்காரர் என்பதால் படிகளைத் தாழ்வாக அமைத்தார். 1906 நிலநடுக்கத்தில் கோபுரமும் மேல்மாடிகளும் விழுந்ததும் சரிசெய்யாமல் விட்டார். எங்கும் போய்ச் சேராத படிகள் சில அப்படி வந்தவை. யாரோடும் பேசாத பணக்காரப் பெண் ஒருத்தி ஊரில் இருந்தால் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? மூடநம்பிக்கையால் கட்டுகிறார் என்று 1890களிலேயே எழுதத் தொடங்கிவிட்டன. அவர் இறந்த மறு ஆண்டே வீடு சுற்றுலாத் தலமானது. டிக்கெட் விற்கிறவர்களுக்கு அந்தக் கதை கைகொடுத்தது. வதந்தி எந்த ஆண்டில் எந்த வடிவத்தில் இருந்தது என்று இதழ் இதழாகப் பின்தொடர்வது, வீட்டைச் சுற்றிப் பார்ப்பதைவிட எனக்குச் சுவாரசியம். செலவும் இல்லை.

நிலநடுக்கம் என்றதும் எல்லோரும் சான் பிரான்சிஸ்கோவைத்தான் நினைப்பார்கள். ஆனால் 1906 ஏப்ரல் 18 விடியற்காலையில் இந்தக் கவுண்டியில் மிகப் பெரிய சாவு நடந்தது ஆக்னியூஸ் மனநலக் காப்பகத்தில். செங்கல் கட்டடம் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் நோயாளிகள், அவர்களுக்காக ஏடுகளில் நீண்ட இரங்கல்கள் கிடையாது. மீண்டும் கட்டப்பட்ட வளாகத்தில் பின்னாளில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி குடியேறியது. கோபுரம் வைத்த பழைய கட்டடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். சான்டா கிளாராவில் வேலை பார்க்கும் பல தமிழர்கள் மதிய நடைக்கு அந்தப் புல்வெளியைச் சுற்றி வருகிறார்கள்.

மகளின் பணிக்கு

கவுண்டியின் முழு வரலாற்றையும் எழுதச் சொல்லாதீர்கள். சன்னிவேலின் பழ டின் தொட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போய்ப் படம் பிடியுங்கள். சான்போர்ன் வரைபடத்தில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். செய்தித்தாள் தொகுப்பில் லிபி நிறுவனத்தின் பெயரோடு 'கேனரி' என்ற சொல்லைச் சேர்த்து, ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில் தேடுங்கள். பழம் வரும் காலம் அதுதான். ஆட்கள் தேவை என்ற விளம்பரம் ஒன்று, விபத்தோ வேலைநிறுத்தமோ பற்றிய செய்தி ஒன்று கிடைத்தால் போதும். அதன்பின் ஆப்ரிகாட் தோட்டத்துக்குப் போய், அருங்காட்சியகத்துத் தன்னார்வலர்களிடம் பேசுங்கள். ஆலையில் வேலை செய்த குடும்பங்களைத் தெரிந்தவர்கள் அங்கே உண்டு.

இணையத்தில் கிடைக்காத ஆண்டுகளுக்குச் சான் ஹோசே நகரின் மார்ட்டின் லூதர் கிங் நூலகத்தில் 'கலிஃபோர்னியா அறை' இருக்கிறது. நுண்படச் சுருளில் பழைய ஏடுகள், ஊர் முகவரிப் புத்தகங்கள், பள்ளி ஆண்டு மலர்கள் எல்லாம் அங்கே பார்க்கலாம். அந்த அறை நூலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் திறந்திருக்காது. கிளம்புவதற்கு முன் நேரத்தைப் பார்த்துவிட்டு, எந்த ஏடு, எந்த மாதம் வேண்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.